சராசரிக்கு அகப்படாதது

கலப்புப் பொருள் ஒன்றின் வழியே வெப்பமோ நீரோ எவ்வாறு செல்லும் என்று கணிக்கும் எங்கள் சாஸ்திரத்தில் புதிதாகப் பிரவேசிக்கும் மாணவர், இரு பொருள்களும் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் கலவையின் குணமும் நடுவிலேயே நிற்கும் என்று சர்வ சாதாரணமாக எண்ணிவிடுகிறார். அவ்வெண்ணத்தை முதல் வகுப்பிலேயே அகற்ற நான் எப்பொழுதும் கையாளும் உதாரணம் ஒன்று உண்டு. கடத்துதிறன் 1 அலகும் 9 அலகும் உடைய இரு பொருள்களைச் சம அளவில் எடுத்து, மெல்லிய தகடுகளாக்கி மாற்றி மாற்றி அடுக்கினால், தகடுகளின் நெடுக்கே பாயும் வெப்பத்துக்குக் கூட்டுச் சராசரியாகிய 5 கிடைக்கிறது. குறுக்கே கடந்து செல்லும் வெப்பத்துக்கோ இசைச் சராசரியாகிய 1.8 தான். அவற்றையே சதுரங்கப் பலகையின் கட்டங்களாகத் தளத்தில் பரப்பினால், பெருக்குச் சராசரியாகிய 3 வருகிறது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. பாயும் வெப்பத்தைத் தம் பெருக்கற்பலனாகத் தரும் கடத்துதிறன், வெப்பநிலைச் சரிவு ஆகிய இரண்டுமே நுண்ணளவில் ஓயாது ஊசலாடுகின்றன. அப்படி ஊசலாடும் இரண்டின் பெருக்கற்பலனுக்குரிய சராசரி, தனித்தனிச் சராசரிகளின் பெருக்கற்பலன் அன்று. 1970களில் பிரான்சில் லுக் தார்தாரும் பிரான்சுவா முராவும் வகுத்த கருவிகளெல்லாம் இந்த ஒரு சங்கடத்தைக் கடக்கவே பிறந்தன.

நுண்ணமைப்பின் அளவை எப்சிலான் என்று வைத்து, வெப்பநிலையை அதன் அடுக்குகளில் விரித்தால், முதல் உறுப்பு நுண்ணிடத்தைச் சாராதது என்று முதற்படியிலேயே தெரிந்துவிடுகிறது. அடுத்த படியில், திரும்பத் திரும்ப வரும் அமைப்பின் ஒரே ஒரு கட்டத்துக்குள் தீர்க்கவேண்டிய சிறு சமன்பாடு ஒன்று தோன்றுகிறது. இந்தக் கலையின் உயிர்நிலை அதுவே என்பது என் துணிபு. இன்னும் ஒரு படி ஏறினால், அங்கே தீர்வு இருப்பதற்கு வேண்டிய நிபந்தனையே முழுப்பொருளின் சமன்பாடாக வடிவெடுக்கிறது. நாமாக ஒன்றையும் அனுமானித்துச் சேர்க்காமல் இவ்வாறு விதி தானே வெளிப்படுவதை எத்தனை முறை கரும்பலகையில் எழுதினாலும் எனக்கு ஆனந்தம் குறைவதில்லை.

நீரின் விதியும் இவ்வாறே வெளிப்பட்டது. டிஜோன் நகரின் நீர்விநியோகத்தைப் பற்றி 1856இல் ஹென்றி டார்சி வெளியிட்ட நூலில், மணலினூடே நீர் செல்லும் வேகத்துக்குப் பரிசோதனையால் கண்ட விதி ஒன்று இருக்கிறது. துளைகளுக்குள் ஓடும் நீருக்குரிய ஸ்டோக்ஸ் சமன்பாடுகளிலிருந்து அவ்விதியைக் கணிதமுறையில் வருவித்து, 1980இல் தார்தார் நிரூபணம் அளித்தார். 1989இல் கமரூன் நாட்டுக் கணிதவியலாளர் நுயெட்செங், எப்சிலான் பூச்சியத்தை நெருங்கும் எல்லைக்குச் சென்ற பின்னும் நுண்ணிடத்தின் நினைவை இழக்காத புதிய ஒருங்கல் முறையொன்றை அளித்தார்.

அந்த நினைவு எவ்வளவு அவசியம் என்பதைப் பொறியாளர்களோடு பேசும்போதுதான் நன்கு உணர்கிறேன். அவ்வெல்லையில் கிடைக்கும் முழுப்பொருளின் சமன்பாடு தரும் வெப்பநிலை உண்மைக்கு மிக நெருங்கியதாயினும், அதன் சரிவு அப்படியன்று. கட்டச் சமன்பாட்டின் தீர்விலிருந்து திருத்த உறுப்பைச் சேர்த்தால்தான் சரிவும் நெருங்கி வரும். இழையும் பிசினும் சேர்ந்த தகட்டில் விரிசல் எந்த இழையின் ஓரத்தில் தொடங்கும் என்று கேட்பவருக்கு, சராசரித் தகைவை மட்டும் கணித்துக் கொடுப்பது விடையாகாது. அவருக்கு வேண்டியது அந்தத் திருத்த உறுப்பே.