கோவைப் பட்டறையில் ஒரு டால்பின்

சிபானி டால்பின் என்று ஒரு கார் இருந்தது. 1980களில் பெங்களூரில் தயாரானது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரைத் தழுவிய வடிவம். இரண்டே கதவுகள், ஃபைபர் பாடி, 848 சிசி அலுமினிய எஞ்சின். குடும்பங்களிடம் அது பெரிதாக எடுபடவில்லை. 1983 கடைசியில் மாருதி 800 வந்த பிறகு, டால்பினைத் தேடி வாங்குவோர் குறைந்துபோனார்கள். ஆனால் பழைய ராலிக்காரர் யாரிடமாவது டால்பின் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். எடை குறைவு, பின்சக்கர இழுவை. செம்மண் வளைவில் வாலை வீசித் திருப்பிக்கொண்டு போகலாம். அம்பாசிடரும் ஃபியட்டும் ஓடிக்கொண்டிருந்த களத்தில், இந்தச் சின்ன வண்டி பெரிய வண்டிகளை வரிசையாகத் தோற்கடித்தது.

அப்படி ராலி ஓடிய ஒரு டால்பின், கோவையில் ஒரு பட்டறையில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடப்பட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். தகரக் கூரை, மண் தரை, ஓரமாக ஒரு பழைய லேத். பாடியைக் கழற்றித் தனியே மரக்கட்டைகள்மேல் வைத்திருந்தார்கள். டால்பினுக்கு அடியில் இரும்புச் சேஸிஸ் தனியாக இருப்பதால் இப்படிப் பிரிப்பது சுலபம். எஞ்சின் மேசைமேல் இருந்தது. மேஸ்திரிக்கு எழுபது வயதுக்கு மேல். பையனாக ஒரு ட்யூனிங் பட்டறையில் சேர்ந்தவர், சோழவரத்துக்கு ரேஸ் வண்டிகளோடு போய் வந்தவர்.

சோழவரத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னைக்கு வடக்கே இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்தக் கான்கிரீட் தரையைப் பந்தயக் களமாக்கியது. பந்தய நாளில் ஊரே திரண்டு போகும். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய தளம் வந்த பிறகு சோழவரம் ஓய்ந்தது. ஆனாலும் அந்தத் தலைமுறைக்கு ரேஸ் என்றால் இன்றும் சோழவரம்தான்.

கோவைக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. நூற்பாலை இயந்திரங்களும் மோட்டார் பம்புகளும் செய்த ஊர் இது. வார்ப்படத்துக்கு ஃபவுண்டரி, அச்சு செய்யப் பேட்டர்ன் ஆசாரி, கடைசலுக்கு லேத் எல்லாமே கூப்பிடு தூரத்தில் இருந்தன. வெளிநாட்டிலிருந்து பாகம் வரவழைக்க வழியில்லாத காலத்தில், இங்கே அதைச் செய்தே விடலாம். எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை இந்த ஊரில் கட்டினார். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர். இந்தப் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு வேண்டியிருந்தவை வேறு பெயர்கள்.

மேஸ்திரி சிலிண்டர் ஹெட்டைக் கையில் கொடுத்தார். “உள்ளே விரலை விட்டுப் பாருங்க தம்பி.” காற்றும் பெட்ரோலும் போகும் துவாரங்களை, கம்பெனி வார்ப்பின் சொரசொரப்புப் போக அராவி அகலப்படுத்தியிருந்தார்கள். துவாரங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் எஞ்சின் நடுங்கும். அடுத்தது ஹெட் சீவுவது. ஹெட்டின் அடிப்பரப்பை லேசாகச் சீவினால் எரியறை சுருங்கும், அழுத்தம் கூடும், இழுவை வரும். ஆசைப்பட்டு அதிகம் சீவினால் எஞ்சின் தட்டும், பிஸ்டன் பொத்துப்போகும். அதனால் எரியறைக்குள் அளவுக் குழாயால் எண்ணெய் விட்டு, எத்தனை சிசி பிடிக்கிறது என்று ஒவ்வொன்றாக அளக்கிறார்கள். சீவிய பிறகு வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, ஹெட்டை மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றுகிறார்கள். பிறகு கழற்றி, வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணை பிளேடால் வெட்டி அதன் கனத்தை அளக்கிறார்கள். நான் நின்றிருந்தபோதே ஐடிஐ முடித்த ஒரு பையன் இதைச் செய்தான். மேஸ்திரி அவன் அளந்ததை மறுபடி அளந்தார். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டார்.

ஃபைபர் வேலை செய்பவர் வேறு ஒருவர். தண்ணீர்த் தொட்டி செய்யும் கம்பெனியில் இருந்து வந்தவர். விரிசல் விட்ட இடத்தை இருபுறமும் சரிவாகத் தேய்த்து, கண்ணாடி இழைப் பாயை ரெசினில் தோய்த்து அடுக்கடுக்காகப் போட்டு, உருளையால் காற்றுக் குமிழ்களை நசுக்கி வெளியேற்றுகிறார். காய்ந்ததும் தேய்ப்பு. அந்தத் தூள் தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். முழுக்கைச் சட்டையும் முகத்தில் துண்டும் கட்டிக்கொண்டு, கூரையின் வெக்கையில் அவர் நின்று செய்த வேலைக்கு என்ன கூலி கொடுத்தாலும் தகும்.

இடது கதவுக்குக் கீழே ஒரு பழைய ஒட்டு இருந்தது. கோணல்மாணலாக, நிறம் மாறி இருந்தது. “அது நான் போட்டதுங்க,” என்றார் மேஸ்திரி. “ஏற்காட்டு ரோட்டுல, ராத்திரி, டார்ச் வெளிச்சத்துல. ரெசின் காயறதுக்குள்ள வண்டிய அனுப்பிட்டமுங்க.” ராலியின்போது மெக்கானிக்குகள் சர்வீஸ் வேனில் முன்னால் போய்க் காத்திருப்பார்கள். வண்டி வந்ததும் சக்கரம், பிரேக், சில சமயம் கியர் பாக்ஸே மாற்ற வேண்டும். தாமதமாகும் நிமிடமெல்லாம் அபராதப் புள்ளி. வண்டி கிளம்பியதும் சாமானை வாரிப் போட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். ஓட்டுநரும் நேவிகேட்டரும் முறைவைத்தாவது கண்ணயர முடிந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

காரின் இன்றைய உரிமையாளர் அந்த ஒட்டை எடுத்துவிட்டுப் புதுப் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறாராம். அவர் இந்தக் காரை நேசிப்பவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அது தப்பு என்று நான் நினைக்கிறேன். ஷோரூம் டால்பினைப் புதிதாகச் செய்யட்டும், பரவாயில்லை. ராலி ஓடிய வண்டியின் மதிப்பு அதன்மேல் நடந்த வேலையில் இருக்கிறது. அவசரமாகப் பற்றவைத்த ரோல் கேஜ், கையால் வளைத்த சம்ப் கார்ட், இந்த ஒட்டு எல்லாவற்றையும் தேய்த்து மழித்துவிட்டால், அந்த இரவில் அங்கே நின்ற மனிதர்களுக்கு வேறு எந்த ஆதாரமும் இல்லை. முடிவுப் பட்டியலில் ஓட்டுநர் பெயர் இருக்கும், நேவிகேட்டர் பெயர் இருக்கும், டயர் கம்பெனி பெயர்கூட இருக்கும். மெக்கானிக் பெயர் இருக்காது.

மேஸ்திரியின் நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. எந்த வண்டிக்கு எந்தக் கார்புரேட்டர் ஜெட், டாப்பெட் இடைவெளி எவ்வளவு, எந்தக் காட்டுப் பாதையில் டயர் காற்று எத்தனை, ஓட்டிப் பார்த்தபின் பிளக் என்ன நிறம். பிளக் முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி பிடித்திருந்தால் அதிகம், காப்பிப் பொடி நிறமாக இருந்தால் சரி. அந்தக் காலத்து இந்திய ராலியின் தொழில்நுட்ப வரலாறு என்று ஒன்றை யாராவது எழுதினால், இந்தப் பெட்டியிலிருந்துதான் எழுத வேண்டும். அவருடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நோட்டுகளை யாரும் இதுவரை கேட்கவில்லை என்றார்.

பழைய ரேஸ் படங்கள் உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பானெட் திறந்திருக்கும், கிரீஸ் சட்டையோடு நாலைந்து பேர் குனிந்திருப்பார்கள். அவர்களில் யாராவது உயிரோடு இருந்தால் போய்ப் பார்த்து, பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். படத்தின் பின்புறம் அவர்கள் பெயரை எழுதி வையுங்கள். பழைய நோட்டுகளைக் காகிதக்காரருக்குப் போடும் முன் ஒரு கிளப்புக்கோ அருங்காட்சியகத்துக்கோ ஒரு போன் செய்யுங்கள்.