சர்க்கரையை அளந்து போடுகிறவர்கள்

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிக் கிடக்கிறது ஹெரிஃபோர்ட்ஷயர். செம்மண் பூமி. அக்டோபரில் அந்தப் பக்கம் போனால் சாலையோரத் தோட்டங்களில் ஆப்பிள் குவியல் குவியலாகத் தரையில் கிடக்கும். இப்படி வீணாக்குகிறார்களே என்று மனசு பதறும். ஒன்றை எடுத்துக் கடித்தால் விஷயம் புரிந்துவிடும். வாய் முழுக்கத் துவர்ப்பு, நாக்கு சுருண்டுகொள்கிறது. டாபினெட், கிங்ஸ்டன் பிளாக், ஃபாக்ஸ்வெல்ப் என்று பெயர்கொண்ட இவை தின்கிற பழங்கள் அல்ல. சைடர் என்கிற ஆப்பிள் மதுவுக்கென்றே வளர்க்கப்படுபவை. உதிர்ந்து சில நாள் கிடந்து கனிந்த பிறகுதான் அரைவைக்குப் போகும்.

பெரிய சைடர் ஆலைகள் உள்ள இந்த வட்டாரத்திலும் வீட்டிலேயே கிட் வாங்கிச் சைடர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹெரிஃபோர்டில் செவிலியராக வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துத் தோழி ஒருவர்தான் இதைச் சொன்னார். அவருடைய பக்கத்து வீட்டுப் பெரியவர், ஆலையொன்றின் பாட்டில் லைனில் பல வருஷம் உழைத்து ஓய்வுபெற்றவர். லைனின் இரைச்சல் அவர் காதில் பாதியை வாங்கிக்கொண்டுவிட்டது. எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

"அண்ணை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிப்போட்டு வாங்கோ. இல்லாட்டி மனுசன் உள்ளுக்கு விடமாட்டார்" என்று தோழி எச்சரித்தபடியே கராஜுக்குக் கூட்டிப்போனார்.

உள்ளே ஒரு மேசை, ஒரு குழாயடி, மூடிபோட்ட 30 லிட்டர் பிளாஸ்டிக் வாளி. கிட் பெட்டியில் பெரிதாக ஒன்றுமில்லை. பாகு பதத்துக்குச் சுண்டவைத்த ஆப்பிள் சாறு ஒரு பை, ஒரு பொட்டலம் ஈஸ்ட், ஸ்ட்ராபெரியும் எலுமிச்சையும் கலந்த பழச்சுவை, கொஞ்சம் இனிப்பூட்டி. சாற்றை வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, தண்ணீர் விட்டு 23 லிட்டராக்க வேண்டும். சூடு 25 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் ஈஸ்டைத் தூவி மூடிவிடலாம். மூடியில் செருகிய ஏர்லாக்கில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். உள்ளேயிருந்து வாயு குமிழியிட்டு வெளியேறும். வெளிக்காற்று உள்ளே போகாது. கலக்கிற வேலை அரை மணி நேரம்கூட இல்லை.

கழுவுகிற வேலை அப்படியல்ல. வாளியின் அடியில் உள்ள பிளாஸ்டிக் குழாயைத் திருகிக் கழற்றினார். வாஷரைத் தனியே எடுத்தார். திருகுமரையின் பள்ளங்களைப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தார். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், கடைசியாகச் சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசல். கரண்டி, சுருள் குழாய், மூடி எல்லாவற்றுக்கும் இதே வரிசை. ஒவ்வொரு பாட்டிலையும் பல்பு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடியைப் பார்த்தார். லேசாகப் படலம் தெரிந்த ஒன்றைத் திரும்பவும் தொட்டியில் போட்டார்.

"வாளியில் ஈஸ்ட் மட்டும்தான் குடியிருக்க வேண்டும். வேறு யாராவது நுழைந்தால் கிடைப்பது வினிகர்" என்றார். அசெட்டிக் பாக்டீரியா புகுந்து காற்றும் பட்டால் மது புளிக்காடியாகும் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

அருகிலேயே ஏற்கெனவே புளித்துக்கொண்டிருந்த இன்னொரு வாளி இருந்தது. அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழலில் ஊற்றி ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டார். நம் வீடுகளில் பால்காரருக்குப் பயம் காட்டிய பால்மானிக்கு அது உடன்பிறப்பு. சர்க்கரை நிறைய இருந்தால் உயர்ந்து நிற்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்னக் கீழே இறங்கும். தொடக்கத்தில் 1.040 காட்டியது 1.000-க்கு வந்தால் ஏறத்தாழ 5 சதவீத ஆல்கஹால் உருவாகிவிட்டது என்று கணக்கு. அன்று காட்டியது 1.000. சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் முந்தைய இரண்டு நாளுக்கும் அதே எண் பென்சிலில் எழுதியிருந்தது. அப்படியானால் இனி பாட்டிலில் அடைக்கலாம்.

கிட்டில் இனிப்பூட்டி எதற்கு என்பதும் இங்கேதான் விளங்கியது. ஈஸ்ட் சர்க்கரையைத் துளி மிச்சம் வைக்காமல் தின்றுவிடுவதால் முழுக்கப் புளித்த சைடரில் இனிப்பே இருக்காது. கடைச் சைடரின் இனிப்பு நாக்குக்குப் பழகியவர்களுக்காக, ஈஸ்டால் தின்ன முடியாத இனிப்பூட்டியைச் சேர்க்கிறார்கள்.

இப்போது வாளியில் இருப்பதில் நுரை இல்லை. புளிக்கும்போது உண்டான கரியமில வாயு பெரும்பாலும் ஏர்லாக் வழியே போய்விட்டது. ஆலையில் சைடரை நன்றாகக் குளிரவைத்து, சிலிண்டரிலிருந்து அழுத்தத்தோடு வாயுவை ஏற்றுவார்கள். குளிர்ந்த திரவத்தில்தான் வாயு நன்றாகக் கரையும். பெரியவர் காலமெல்லாம் செய்த வேலை அதுதான். வீட்டில் அந்த வேலையை ஈஸ்டிடமே விடுகிறார். அரை லிட்டர் பாட்டிலில் அரை டீஸ்பூன் சர்க்கரை போட்டுச் சைடரை நிரப்பி மூடினால், சைடரில் மிதக்கும் ஈஸ்ட் அதையும் தின்று வாயுவாக்கும். ஒரு கிராம் சர்க்கரை கிட்டத்தட்ட அரை கிராம் வாயு தரும். அந்த அரை டீஸ்பூனிலிருந்து வெளியே விட்டால் அரை லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும் வாயு உண்டாகி, போக வழியில்லாமல் சைடருக்குள்ளேயே கரைகிறது.

பெரியவர் சர்க்கரையைக் கரண்டியால் அள்ளி, விரலால் மேல்மட்டத்தை வழித்துவிட்டுப் புனல் வழியே கொட்டினார். கடைசிப் பாட்டில் வரைக்கும் விரல் வழிக்கத் தவறவில்லை. புளிப்பு முடியாமல் 1.010-லேயே அவசரப்பட்டு அடைத்தால் பாட்டிலுக்குள் போகிற சர்க்கரை இதைப்போல ஐந்து மடங்கு. கண்ணாடிப் பாட்டில் வெடித்துச் சிதறும், கண்ணே போய்விடலாம். அதனால் அவர் பிளாஸ்டிக் சோடா பாட்டிலையே பயன்படுத்துகிறார். இரண்டு வாரத்துக்கு முன் அடைத்த ஒன்றை என்னிடம் கொடுத்து அமுக்கச் சொன்னார். விரல் பதியவே இல்லை. திறந்ததும் அடியிலிருந்து நூல் பிடித்தாற்போலக் குமிழிகள் ஏறின.

பாட்டிலில் சர்க்கரை போட்டு நுரைக்கவைக்கும் இந்த உத்தி கிட் காலத்துக்கு மிக முந்தியது. 1662-ல் லண்டன் ராயல் சொசைட்டியில், ஹெரிஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த ஜான் பீல் என்ற பாதிரியார், சைடர் பாட்டிலில் அக்ரூட் அளவு சர்க்கரை போடுவது பற்றிச் சொன்னார். அதே மாதம் கிறிஸ்டோபர் மெரெட் என்பவர் ஒயினுக்கும் சர்க்கரை சேர்த்து நுரைக்கவைப்பதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். நிலக்கரி உலையில் உருக்கிய தடித்த ஆங்கிலேயக் கண்ணாடி அப்போதே வந்துவிட்டதால் பாட்டில்கள் அழுத்தத்தைத் தாங்கின.

ஹெரிஃபோர்டில் பழைய பல்மர்ஸ் ஆலைக் கட்டடத்தில் இப்போது சைடர் அருங்காட்சியகம் நடக்கிறது. 1887-ல் பெர்சி பல்மர் தொடங்கிய கம்பெனி அது. இன்று ஹைனகென் என்ற பெரிய பீர் நிறுவனத்தின் வசம். கீழே நிலவறைகளில் பாட்டிலுக்குள்ளேயே நுரைக்கவைக்கும் சைடர் தயாரானது. 'ஷாம்பெயின் சைடர்' என்று அதற்குப் பெயர் வைத்ததால் பிரெஞ்சு ஷாம்பெயின்காரர்களோடு வழக்கு மூண்டு, 1974-ல் டென்னிங் பிரபுவின் நீதிமன்றம் வரைக்கும் போனது.

பல்மர் கம்பெனி பிறந்த அதே 1887-ல் வந்த சட்டம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அதுவரை பண்ணைக் கூலியில் ஒரு பங்கைச் சைடராகவே கொடுக்கிற வழக்கம் இருந்தது. அறுவடைக் காலத்தில் சிறு மரப்பீப்பாயில் ஊற்றி வயலுக்கே எடுத்துப் போவார்கள். அந்தச் சட்டத் திருத்தம் அதைத் தடைசெய்தது.

இப்போது தோட்டத்தில் ஆள் குறைவு. முன்பெல்லாம் நீண்ட கழியால் கிளையை உலுக்கினார்கள். இன்று இயந்திரம் அடிமரத்தைப் பிடித்து உலுக்கி, இன்னொரு இயந்திரம் தரையைக் கூட்டி அள்ளிவிடுகிறது. இயந்திரம் விட்ட பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் கிர்கிஸ்தானிலிருந்து ஆறு மாதப் பருவ விசாவில் வந்தவர். ஊரில் வீடு கட்டப் பணம் சேர்க்கிறாராம். சைடரை இதுவரை ருசி பார்த்ததில்லை என்றார்.

பழம் பொறுக்குவது, அரைப்பது, பிழிவது எல்லாம் கிட்காரருக்கு முன்னமே வேறு யாரோ செய்து முடித்த வேலை. அவருக்கு மிச்சம் கழுவுவது, அளப்பது, பொறுப்பது மூன்றும்தான். இதைப் போய்க் கைத்தொழில் என்பதா என்று தோட்டக்காரர்கள் கேட்கலாம். அந்தக் கராஜில் நின்று பார்த்தவன் என்ற முறையில் எனக்குச் சந்தேகமில்லை. பழம் நல்லதாக இருந்தாலும் இந்த மூன்றில் ஒன்று தவறினால் சைடர் கெடும், அல்லது பாட்டில் வெடிக்கும்.

பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் சைடர் போடலாம், வரியில்லை. உரிமமின்றி விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாளியைத் தேட வேண்டாம். 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். சட்டம் அனுமதிக்கிற ஊரில் உள்ளவர்கள், கிட் வாங்கும்போது ஹைட்ரோமீட்டரையும் சேர்த்து வாங்குங்கள். அளவு சில நாள் மாறாமல் நிற்கும்வரை எதையும் அடைக்காதீர்கள். முதல் தடவையாவது கண்ணாடியைத் தொடாமல் பிளாஸ்டிக் பாட்டிலிலேயே போடுங்கள்.