நுவரெலியாவில் ஓர் இரவு

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், பிதுருதலாகலை மலையின் அடிவாரத்தே அமைந்துள்ளது நுவரெலியா. பகலிலே கிரகரி வாவிக் கரையில் உலாவுவோர்க்கு அதன் குளிர் இன்பம் பயப்பது. இரவில் மூச்சுப் பொறியுடன் உறங்குவோர்க்கோ அதுவே இடையூறாகின்றது.

உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோய்க்கு, காற்றை அழுத்தத்துடன் மூக்கின் வழியே செலுத்தும் ‘சீபாப்’ முறையை 1981ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர்கள் சிட்னி வைத்தியர் கொலின் சலிவனும் அவர்தம் குழுவினருமாவர். எம்முடன் வந்த தமையனார் அப்பொறியைக் கொண்டுவந்திருந்தார். நள்ளிரவிற் குழாயினுள் ‘களகள’ என்ற ஓசை எழுந்தது. முகமூடியில் நீர் சொட்டியது. பொறியின் ஈரக்காற்று குளிர்ந்த குழாயிற் பட்டு நீராகிவிட்டது. தேயிலைத் தளிரிற் பனித்துளி படிவதும் இவ்வாறே.

குழாயைப் போர்வையினுள் செலுத்தி, பொறியைக் கட்டிலினும் தாழ வைத்து, ஈரப்பதத்தைச் சற்றுக் குறைத்தோம்; ஓசை நின்றது. பின்னர் அவர் சிறுநீர் கழிக்க எழுந்தபோது முகமூடியைக் கழற்றவில்லை. குழாயை மட்டும் பிரித்து, மீண்டதும் பொருத்திக்கொண்டார்.

மின்சாரம் தடைப்படின் முகமூடியை அகற்றுதல் வேண்டும்; அது மீண்டு வந்ததும் அணிய மறத்தலாகாது. “விடிய இரண்டு மணி நேரந்தானே” என்று ஒதுக்கிவிட்டு உறங்குவதே பெருந்தீங்கு. கனவு மிகும் வைகறை உறக்கத்திலேதான் தொண்டைத் தசைகள் மிகவும் தளர்கின்றன. மூச்சுத் தடையும் பலர்க்கு அப்பொழுதே மிகும். உறக்கம் குறைந்தவர்க்குப் பகலிற் கண் அயரும். மறுநாள் றம்பொடை வளைவுகளில் எம் அனைவரையும் ஏற்றி வண்டி செலுத்த வேண்டியவர் தமையனாரே. ஆதலின் அவ்வுறக்கம் அவர் ஒருவர்க்கே உரியதன்று.