நீதியை அளப்பவர் யார்?

பலதார மணம் குறித்துப் பேச்செழும் போதெல்லாம், நான்கு வரை அனுமதி உண்டு என்ற ஒற்றைத் தொடரோடு உரையாடலை முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. திருமறையின் நான்காம் அத்தியாயம், மூன்றாம் வசனம் அநாதைகளின் உரிமையைப் பேசித் தொடங்குவதையும், நீதி செலுத்த இயலாதென அஞ்சுவோர்க்கு ஒருத்தியே போதுமென வரையறுப்பதையும் நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். அதே அத்தியாயத்தின் 129ஆம் வசனமோ, மனைவியரிடையே முழு நீதி ஆடவர்க்கு எட்டாதது என்றே உணர்த்துகின்றது. உணவு, உடை, உறையுள், இரவுத் தங்கல் ஆகியவற்றில் சமநிலை கடமை. உள்ளத்தின் சாய்வு மனிதன் கையில் இல்லை என்பது மார்க்க அறிஞர் தந்த விளக்கம்.

இதனை வகுப்பில் எடுத்துரைத்தபோது மாணவியொருத்தி எழுந்து, "சமமாகக் கொடுத்தேன் என்பதைக் கொடுத்தவர் சொல்வதா, பெற்றவர் சொல்வதா?" என்று வினவினாள். அவ்வினா எம்மை நெடுநாள் விடவில்லை.

பெற்றவளும் சொல்லலாம் என்பதே இந்நாட்டுச் சட்டம். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், பல மனைவியருள் ஒருத்தி திருமறை வகுத்தவாறு நீதியாக நடத்தப்படாவிடில், நீதிமன்றம் சென்று மணமுறிவு பெற வழிசெய்தது. 1960இல் அலகாபாத் உயர்நீதிமன்றம், இரண்டாம் மணம் புரிந்த கணவனோடு வாழுமாறு முதல் மனைவியைக் கட்டாயப்படுத்த மறுத்தது. இவற்றை அறிந்த பெண்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்?

தூனிசியா 1956இல் பலதார மணத்தை அறவே தடைசெய்தது. பாகிஸ்தான் 1961இல் நடுவர் மன்ற அனுமதியைக் கட்டாயமாக்கியது. இங்கோ, முதல் மனைவியை விலக்காமலே மறுமணம் செய்வதற்கென்று மதம் மாறிய இந்து ஆடவரின் வழக்குகள் 1995இல் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தன. அம்மணங்கள் செல்லா எனத் தீர்ப்பாயிற்று. தொழுகையும் நோன்பும் அன்னாரை ஈர்த்ததாகத் தெரியவில்லை. எண் ஒன்றே ஈர்த்தது போலும்!

தடைச்சட்டம் வரட்டும் என்று காத்திருப்பதோ, வந்துவிடுமோ என்று கலங்குவதோ நம் பணியன்று. மணமகள் தரப்பு நிபந்தனை விதிக்க நிக்காஹ் ஒப்பந்தத்தில் இடமுண்டு. கணவன் வேறு மணம் செய்தால் தன்னை விடுவித்துக்கொள்ளும் உரிமையை மனைவி முன்னரே பெற்றுக்கொள்ளலாம். உதுமானியப் பேரரசின் 1917ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டமும் இத்தகைய நிபந்தனையை ஏற்றது. நிக்காஹ் பதிவேட்டில் மஹர்த் தொகையைக் கருத்தோடு எழுதும் ஜமாஅத்துப் பெரியோர், அதன் கீழே இந்நிபந்தனைக்கும் ஒரு வரி ஒதுக்கி, கையொப்பத்திற்கு முன் மணமகளுக்கு அதனைப் படித்துக்காட்டச் செய்யலாம்.