மிண்டன் வளாகமும் ஒரு தாயின் அச்சமும்



கடந்த வாரம் ஒரு தாய், என்னிடம் தமிழ்ப்பள்ளியில் பயின்ற தம் மகளுடன் வீட்டிற்கு வந்திருந்தார். மகள் இப்பொழுது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவி.

"ஐயா, இவள் பாலாபெசில் சேரப் போகிறாளாம். நீங்கள் சொன்னால் கேட்பாள். வேண்டாமென்று சொல்லுங்கள்."

பெற்றோர் பலர் இதனைத் தேசிய சேவைப் பயிற்சியோடு குழப்பிக்கொள்கின்றனர். பாலாபெஸ் வேறு. பல்கலைக்கழக மாணவர்களைச் சேமப்படை அதிகாரிகளாக உருவாக்கும் திட்டம் அது. விரும்பியவர் மட்டுமே சேரலாம். இந்தோனேசியாவுடனான மோதல் 1963 முதல் 1966 வரை நீடித்ததல்லவா? அக்காலச் சூழலில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது; பின்னர் ஏனைய அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. பயிற்சி மூன்றாண்டு. தேறியவருக்கு லெப்டினன் மூடா என்னும் அதிகாரிப் பதவி கிட்டும். அதன்பின் ஆசிரியராகவோ பொறியாளராகவோ பணிபுரியத் தடையில்லை.

நம் பினாங்கில் இதற்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. 1969இல் தோன்றிய இப்பல்கலைக்கழகம் 1971இல் குடிபுகுந்த மிண்டன் வளாகம், பிரிட்டிஷ் படையினரின் பழைய முகாம். மிண்டன் என்பதே 1759இல் ஜெர்மனியில் நடந்த ஒரு போரின் பெயர்.

இவற்றையெல்லாம் நான் பிந்தித்தான் அறிந்தேன். பல்லாண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் இதே கேள்வியோடு வந்தபோது, "அது நமக்கு எதற்கப்பா? படிப்பைப் பார்" என்றேன். அவனும் கேட்டுக்கொண்டான். இன்று பாயான் லெப்பாசில் நல்ல வேலையில் இருக்கிறான். ஒரு தீபாவளியன்று வந்தவன், "அன்று சேர்ந்திருக்கலாம் சார்" என்று சிரித்தபடியே சொன்னான். கோபத்தோடு சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். படையில் நம்மவர் குறைவு, பையன் தனித்துப் போவானே என்று அஞ்சியவன் நான். அவன் அஞ்சவில்லை.

ஆகவே இம்முறை அப்பெண்ணிடமே காரணம் கேட்டேன்.

"நாலு பேர் முன்னால் நின்று கட்டளையிடக் கற்றுக்கொள்ள வேண்டும் ஐயா."

"பெண் பிள்ளையாயிற்றே" என்றார் தாய்.

கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி ஆதி நாகப்பனைப் பற்றிச் சொன்னேன். 1943இல் ஜான்சி ராணிப் படையில் சேர விரும்பியபோது அவருக்குப் பதினெட்டு வயது. தந்தை கடுமையாக எதிர்த்தார். மகளின் பிடிவாதத்தின் முன் பின்னர் இசைந்தார். அப்படையின் துணைத் தளபதியாகவே உயர்ந்தார் ஜானகி. பல்கலைக்கழகத்து வார இறுதிப் பயிற்சியும் போர்க்களமும் ஒன்றல்ல என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

தாய் நெடுநேரம் பேசவில்லை. தேநீர் ஆறிப்போயிற்று. எழுந்து வாசல்வரை சென்றவர் திரும்பி நின்று கேட்டார்:

"வெள்ளிக்கிழமை இவள் சைவம் ஐயா. முகாமில் அதற்கு ஏதாவது செய்வார்களா?"

விசாரித்துவரும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன்.