சஹனில் ஓர் இடம்

எங்கள் காயல்பட்டினத்தில் விருந்தென்றால் சஹன் சாப்பாடுதான். ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து ஒன்றாய் உண்பது முன்னோர் விட்டுச் சென்ற வழக்கம். அதிலிருந்து ஒருவர் எழுந்துவிட்டால் மற்றவர் கையும் தயங்கும். 2019-ஆம் ஆண்டில் ஒரு நிக்காஹ் விருந்தில் எங்கள் வாப்பா அவர்கள் அவ்வாறு எழுந்தார்கள். இரண்டு கவளத்திற்கு மேல் இறங்கவில்லை. அதன்பின் நெடுநாள் எந்தச் சஹனிலும் அவர்கள் அமரவில்லை.

சில நாட்களில் கண்கள் மஞ்சளாயின, உடலெங்கும் அரிப்பு. காமாலை என்றெண்ணி நாட்டு மருந்து கொடுத்தோம். பின்னர் எடுத்த ஸ்கேன், கணையத்தின் தலைப்பகுதியில் புற்று வளர்ந்து பித்த நாளத்தை நெருக்குவதைக் காட்டிற்று. அறுவைச் சிகிச்சைக்குரிய கட்டம் கடந்துவிட்டது என்றனர். அடைப்பைத் திறக்கச் சிறு குழாய் பொருத்தினர். மஞ்சள் மறைந்தது, மெலிவு மட்டும் நிற்கவில்லை.

இரைப்பைக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் கணையம் இரு பணிகளைச் செய்கிறது. இன்சுலினைச் சுரந்து இரத்தச் சர்க்கரையை ஆளுகிறது. கொழுப்பையும் புரதத்தையும் மாவுப்பொருளையும் செரிக்கும் நீரைக் குடலுக்கு அனுப்புகிறது. அந்நீர் வந்து சேராவிடில் உண்டது உடலில் ஒட்டாது. மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுபிசுப்போடும் கடும் நாற்றத்தோடும் மிதக்கும். வாப்பா அவர்கள் நாணத்தால் இதனை எவரிடமும் கூறவில்லை. நாங்களோ வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊகித்து, முட்டை, மீன், தேங்காய்ப்பால் யாவற்றையும் நிறுத்தி, வெறுங்கஞ்சியை மட்டும் கொடுத்து வந்தோம். அன்பின் பெயரால் அவர்களைப் பட்டினி போட்டோம் என்பதே உண்மை.

"கொழுப்பை விலக்காதீர்கள், அதைச் செரிக்கும் நொதியைக் கொடுங்கள்" என்று மருத்துவர் மாத்திரை எழுதினார். உறையில் இருந்ததைப் படித்த தம்பி திடுக்கிட்டான். அம்மருந்து பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. செய்தி அறிந்ததும் வாப்பா அவர்கள் டப்பாவை ஒதுக்கி வைத்தார்கள். "இந்த வயது வரைக்கும் தொடாததை, போகிற நேரத்திலா தொடுவது?" என்ற கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. கஞ்சியில் கலந்து கொடுத்துவிடலாம் என்று காக்கா மெல்லக் கூறினார். "அவர் அறியாமல் ஊட்டினால் அது துரோகம்" என்று உம்மா மறுத்துவிட்டார்கள்.

ஆலிம் ஒருவரிடம் சென்றோம். அவர்கள் உடனே தீர்ப்புக் கூறவில்லை. இம்மருந்து அவசியந்தானா, இதற்கு ஈடான ஆகுமான மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேட்டுவரச் சொன்னார்கள். இதுவின்றி உணவின் சத்து சேராது, ஈடான வேறொன்று தம் கைவசம் இல்லை என்றார் மருத்துவர். ஆலிம் அவர்கள் வீட்டுக்கே வந்து வாப்பாவின் அருகில் அமர்ந்து, பன்றியை விலக்கிய இறைமறை வசனமே, விரும்பியோ வரம்பு மீறியோ அன்றி நிர்ப்பந்தத்திற்கு ஆளானவர்மீது குற்றமில்லை என்று கூறுவதை நினைவூட்டினார்கள். "உடல் அமானிதம், அதைப் பேணுவதும் கடமை" என்றார்கள். வாப்பா அவர்கள் நெடுநேரம் மௌனமாயிருந்து, பிஸ்மி கூறி அதை விழுங்கினார்கள்.

விழுங்கும் முறையும் முக்கியம். வெறும் வயிற்றில் பயனில்லை. முதற் கவளத்தோடு ஒன்று, உணவின் நடுவே மற்றொன்று. பால், முட்டை போன்ற சிற்றுணவுக்கும் தேவை. மென்றுவிடக் கூடாது, கொதிக்கும் தேநீரோடு சேர்க்கக் கூடாது. எத்தனை என்பதை மருத்துவரே கணிக்க வேண்டும். அறுவை இயலாத கணையப் புற்று நோயாளிகளுக்கும் இந்நொதியை அளிக்குமாறு பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2018-இலேயே கூறியுள்ளது. மூன்று பெருவேளைகளை ஆறு சிறுவேளைகளாக்கினோம். மீனும் முட்டையும் தேங்காய்ப்பால் கஞ்சியும் திரும்பின. சர்க்கரையை அடிக்கடி சோதித்தோம். சில வாரங்களில் எடை குறைவது நின்றது.

நோய் தீர்ந்துவிடவில்லை. ரமலானில் நோன்பு நோற்க இயலாத ஏக்கம் அவர்களை வாட்டியது. நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யாவை நிறைவேற்றி ஆறுதலடைந்தார்கள். முதுகைத் துளைத்த வலிக்கு மார்ஃபின் தந்தபோது அஞ்சினோம். வலி தணிந்து அவர்கள் உறங்கியதைக் கண்டு அச்சம் தெளிந்தோம். இறுதி வாரங்களில் பசி அறவே அகன்றது. உம்மா கரண்டியோடு கெஞ்சினார்கள். வாப்பா வாயை மூடிக்கொண்டார்கள். "உண்ணாததால் நோய் முற்றவில்லை, அம்மா, நோய் முற்றியதால் உண்ணவில்லை" என்று மருத்துவர் விளக்கிய பிறகே உம்மா கரண்டியை வைத்துவிட்டு அவர்கள் கையைப் பற்றிக்கொண்டார்கள். உதட்டை ஈரத்துணியால் நனைப்பதும் அன்னமூட்டுவதைப் போன்றதே என்று அன்று அறிந்தோம்.

இதே நோயோடு போராடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. நாணத்தால் மறைக்காதீர்கள், மருந்தின் மூலத்தைக் கண்டு தாமே ஒதுக்கிவிடாமல், மருத்துவரையும் ஆலிமையும் ஒருங்கே கேளுங்கள்.

மௌத்துக்கு இரண்டு மாதம் முன்பு, மருமகனின் நிக்காஹ் விருந்துக்கு வாப்பா அவர்கள் வந்தார்கள். மாத்திரையை விழுங்கி, சஹனில் எங்களோடு அமர்ந்தார்கள். ஐந்தே கவளம். ஆனால் நாங்கள் எழும்வரை அவர்கள் எழவில்லை. சஹனைச் சுற்றியிருந்த எவர் கையும் அன்று தயங்கவில்லை.