பம்மல் என்னும் இனிஷியல்

பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோ பிடித்து குன்றத்தூர் சாலையில் கொஞ்ச தூரம் போனால் பம்மல். நாகல்கேணி பக்கம் வரும்போதே தோல் பதனிடும் வாடை மூக்கில் ஏறும். ஊர்க்காரர்களுக்கு அது உறைப்பதில்லை. தோல் ஷெட்டுகள் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கின்றன. நிலத்தடி நீரையும் கெடுத்திருக்கின்றன. தலைக்கு மேலே மீனம்பாக்கம் விமானங்கள், தெருவில் தண்ணீர் லாரிகள், நடுவில் அர்க்கீஸ்வரர் கோயில். 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்த்தபோது பம்மல் நகராட்சியும் இல்லாமல் போனது.

வெளியூர்க்காரரிடம் பம்மல் என்று சொல்லிப் பாருங்கள். "கே. சம்பந்தமா?" என்பார். 2002 பொங்கலுக்கு வந்த கமல் படம் செய்த வேலை அது. அந்தத் தலைப்புக்குப் பின்னால் ஓர் அசல் சம்பந்தம் இருப்பது பலருக்குத் தெரியாது.

பம்மல் விஜயரங்க சம்பந்த முதலியார் 1873-இல் பிறந்தார். படித்தது, வக்கீலானது, சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக உட்கார்ந்தது எல்லாம் பட்டணத்தில்தான். பம்மல் அவருக்குப் பூர்வீகம், அவ்வளவே. ஆனாலும் கடைசிவரை அந்த ஊரைப் பெயருக்கு முன்னால் சுமந்தார்.

1891-இல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு தம் குழுவோடு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்டார். பதினெட்டு வயது சம்பந்தம் போய்ப் பார்த்தார். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு இளக்காரம். இங்கோ படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசிக்கொண்டு நின்றார்கள். அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி ஒரு சில நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டார். இன்று தாம்பரம் கல்லூரிப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் ஆரம்பிப்பதைப் போலத்தான். ஆசை மட்டும் நிறைய இருந்தது.

நாடகங்களைச் சம்பந்தமே எழுதினார், நடித்தார், மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். பாட்டுக்குப் பாட்டு என்று விடிய விடிய ஓடிய நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கி, உரைநடை வசனத்தை முன்னே கொண்டுவந்தார். பெண் வேடத்துக்கு ரங்கவடிவேலு. சம்பந்தம் நாயகன், அவர் நாயகி என்று ரசிகர்கள் பல ஆண்டுகள் பார்த்த ஜோடி. 1895-இல் 'மனோகரா' மேடையேறியது. ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனான், மாக்பெத் 'மகபதி' ஆனான். எழுதியவை மொத்தம் தொண்ணூறுக்கு மேல்.

சபை சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலோடு நின்றுவிடவில்லை. கடல் கடந்து இலங்கைக்கும் போனது. யாழ்ப்பாணத்து நாடகக்காரர் கலையரசு சொர்ணலிங்கம் சம்பந்தத்தைத் தம் குருவாகவே கொண்டார். 1913-இல் கொழும்பில் பிறந்த இலங்கை சுபோத விலாச சபைக்குச் சுகுண விலாசமே முன்மாதிரி. 'மனோகரா' 1936-இல் படமானபோது சம்பந்தமே அதில் ராஜாவாக நடித்தார். 1954-இல் கலைஞர் வசனத்தில் சிவாஜி சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்ததும் அதே மனோகரன்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இது வசதியுள்ளவர்களின் சபை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியைப் போன்ற பெரிய மனிதர்கள் அதில் நடித்ததால் நாடகத்துக்கு மரியாதை வந்தது என்பார்கள். அந்த மரியாதை, கூத்தாடி என்று ஏச்சு வாங்கியபடி ஊர் ஊராகப் போன கம்பெனி நடிகனுக்குச் சுலபத்தில் கிடைத்துவிடவில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் கம்பெனிப் பையன்கள் வயிற்றுக்காக நடித்தார்கள். சபைக்காரர்களுக்கு அது சாயங்கால வேலை. தமிழ் நாடகத்துக்கு இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள் என்பதே என் கட்சி.

1959-இல் சம்பந்தத்துக்குப் பத்மபூஷண் கிடைத்தது. 1964-இல் காலமானார். ஒத்திகை, திரை, டிக்கெட் என்று எதையும் விடாமல் 'நாடக மேடை நினைவுகள்' நூலில் அவரே எழுதி வைத்திருக்கிறார். பம்மல்வாசிகளே, உங்கள் பிள்ளைகளுக்கு அதை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். படத்தைப் பிறகு பார்க்கலாம்.